மலையேறும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏன் தனி கூலர்?

செங்கோட்டை தாண்டி புளியரை ஏற்றம். மே மாத விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. முன்னால் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பத்தடி நகர்வோம், நிற்போம், மறுபடி பத்தடி. எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏழு பேர், கேரியரில் மூட்டைகள், ஏசி முழு வேகத்தில். மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் போகாமல் இருக்க நான் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் கருகிய வாடை வந்தது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஆனால் லீவரை டி-யில் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் காட்டினேன். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இருந்தது. "தம்பி, இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. கியர்பாக்ஸ் ஆயிலு வெந்துட்டு. மேட்டுல ஆக்சிலேட்டர மிதிச்சே நிப்பாட்டுனியளோ?" என்றார். பார்க்காமலே எப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரையில் அதைத்தான் முதலில் விளக்கப் போகிறேன். அது புரிந்துவிட்டால் கியர்பாக்ஸ் எண்ணெயை ஆறவைக்கும் கூலரை எங்கே, ஏன் அப்படி மாட்ட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது

சாதாரண கியர் வண்டியில் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது கிளட்ச் பிளேட். காலை எடுத்தால் இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்று பட்டு மற்றதும் சுற்றும். இரண்டையும் இணைக்கும் கம்பி எதுவும் கிடையாது. டார்க் கன்வெர்ட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இஞ்சின் ஒரு பக்கத்து இறக்கைகளைச் சுற்றும். வீசியடிக்கப்படும் எண்ணெய் மறுபக்கத்து இறக்கைகளைச் சுற்றும். அந்தப் பக்கம்தான் கியர்பாக்ஸ். (ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டைக் கப்பல்களுக்காகத்தான் யோசித்தார். காருக்கு வந்தது பிற்பாடு.)

இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாதபோதெல்லாம் இடையில் வழுக்கல் இருக்கும். அந்த வழுக்கலில் வீணாகும் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாகச் சேர்கிறது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது இஞ்சின் 40 கிலோவாட் கொடுக்கிறது, அதில் ஆறில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை கிலோவாட் வருகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறை அந்த ஏழெட்டு லிட்டர் எண்ணெய்க்குள் போட்டுச் சூடாக்குவது போல. இன்னும் மோசம், நான் செய்த காரியம். மேட்டில் வண்டி நிற்கிறது, அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கை சுற்றவே இல்லை. இஞ்சின் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கன்வெர்ட்டருக்குள் போகும் சக்தி அத்தனையும் எண்ணெயைக் காய்ச்சுவதற்கே போகிறது.

நேர்மாறாக, நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரி போகும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் 90-இல் போகும்போது கன்வெர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. பணகுடி பக்கம் எதிர்காற்று எவ்வளவு அடித்தாலும் எண்ணெய்க்கு அது பெரிய தொந்தரவு இல்லை. வேகமாக ஓட்டினால் கியர்பாக்ஸ் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கெடுப்பது வேகம் அல்ல. மெதுவான வேகம், அதிக பாரம், நின்று நின்று ஏறும் ஏற்றம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கெடுதல். நம் ஊரில் புளியரை, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் குறுகலான பாதை, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் வழி எல்லாம் இந்த மூன்றும் சேரும் இடங்கள்.

எண்ணெய் வெந்தால் என்ன ஆகும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஏடிஎஃப் என்பார்கள். அது வெறும் மசகு எண்ணெய் அல்ல. அதன் அழுத்தத்தால்தான் கியர் மாறுகிறது. கன்வெர்ட்டரில் சக்தியைக் கடத்துவது அது. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் சரியான அளவுக்குப் பிடித்து, சரியான அளவுக்கு வழுக்க வைப்பதும் அதில் கலந்துள்ள சேர்மானங்கள்தான்.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பதநீர் பாகு பதத்துக்கு வரும்வரை தீ வேண்டும். பதம் தாண்டிக் கருகிவிட்டால் அடுப்பை அணைத்தாலும், ஆறவைத்தாலும், பழைய பாகு திரும்ப வராது. ஏடிஎஃபும் அப்படித்தான். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை அது சுகமாக வேலை செய்யும். 115 டிகிரி வாக்கில் பிசின் போல ஒரு படலம் உள்ளே படியத் தொடங்கும். 125-ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகிக் கெட்டியாகும். 145-க்கு மேல் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகளிடையே ஒரு கணக்கு உண்டு. எல்லா எண்ணெய்க்கும் துல்லியமாகப் பொருந்தும் விதி இல்லை என்றாலும், எந்தத் திசையில் போகிறோம் என்பதைக் காட்ட அது போதும்.

கம்பெனியே ஒரு கூலர் வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். ஆமாம். பெரும்பாலான வண்டிகளில் அது ரேடியேட்டரின் ஓரத்துத் தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாயாக ஒளிந்திருக்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் அந்தக் குழாய் வழியாக ஓடி, சுற்றியுள்ள ரேடியேட்டர் தண்ணீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தண்ணீரே 90 டிகிரிப் பக்கம் இருக்கிறது. தொடர்ந்து ஏறும் வண்டியில், அக்கினி நட்சத்திர வெயிலில், அது இன்னும் கூடும். தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக எண்ணெயை அந்தக் குழாயால் ஒருபோதும் ஆக்க முடியாது. அதனால்தான் காற்றில் நேரடியாக ஆறும் இரண்டாவது கூலர். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், 110 டிகிரி எண்ணெய்க்கு அது குளிர்காற்றுதான்.

உங்கள் வண்டிக்கு இது வேண்டுமா

பல பேருக்கு வேண்டாம். இதைச் சொல்லாமல் மாட்டும் முறைக்குப் போவது சரியல்ல.

கியர் வண்டிக்குத் தேவையே இல்லை. ஏஎம்டி என்று விற்கப்படும் சின்னக் கார்களுக்கும் தேவையில்லை. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து நம் நாட்டில் பரவிய அந்த வகையில் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்சை மிதிக்கும் வேலையை ஒரு கருவி செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் இல்லை, ஆறவைக்க ஓடும் எண்ணெயும் இல்லை. ஏஎம்டி வண்டியை மேட்டில் ஆக்சிலேட்டரில் நிறுத்தினால் கருகுவது கிளட்ச் பிளேட். எந்தக் கூலரும் அதைக் காப்பாற்றாது. சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் வேறு சங்கதி; அவற்றின் எண்ணெய்ப் பாதை வண்டிக்கு வண்டி மாறும். அந்த மாடலைத் தெரிந்தவர் கை வைத்தால் மட்டுமே சரி.

டார்க் கன்வெர்ட்டர் வண்டி வைத்திருப்பவர்களிலும், ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் போய்வருபவருக்கு இந்தச் செலவு வேண்டாம். காலாகாலத்தில் ஏடிஎஃப் மாற்றினால் போதும். மாதாமாதம் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை ஏறுபவர்கள், வாடகைக்கு ஓட்டுபவர்கள், வெளிநாட்டில் போலப் படகையோ டிரெய்லரையோ இழுப்பவர்கள், இவர்களுக்குத்தான் கூலர். வாரன்டி இன்னும் இருக்கிறதென்றால், வெளியே வாங்கி மாட்டுவதால் அது போகுமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏற்கெனவே கியர் வழுக்குகிறது, ஆர்பிஎம் (இஞ்சின் சுற்றும் வேகம்) ஏறுகிறது வண்டி ஏறவில்லை, டி-யில் போட்டதும் டொக்கென்று இடிக்கிறது என்றால் கூலர் மருந்து அல்ல. முதலில் நோயைப் பாருங்கள். கெட்டுப்போன கியர்பாக்ஸில் கூலர் மாட்டி விற்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது பளபளப்பான புதுக் கூலரைப் பார்த்தால் எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் கட்டாயம் பாருங்கள்.

வாங்கும்போது

கடையில் மூன்று மாதிரி பார்க்கலாம். வளைந்து வளைந்து ஓடும் ஒரே குழாயில் தகடுகள் செருகியது ஒன்று, விலை குறைவு. தட்டையான குழாய்களுக்கு இடையே தகடுகள் வைத்து, சுற்றிலும் சட்டம் போட்டது இரண்டு. எண்ணெய் ஓடும் தட்டையான அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குத் தகடு வகை மூன்றாவது. அதே அளவுக்கு அதிகமாக ஆற்றும், எண்ணெய் பாய்வதற்குத் தடையும் குறைவு. சூடான பாலைக் குறுகிய டம்ளரில் வைப்பதற்கும் அகல வட்டாவில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எண்ணெய் எவ்வளவு பரந்து காற்றுக்கு முகம் காட்டுகிறதோ அவ்வளவு ஆறும். கையில் பணம் இருந்தால் அடுக்குத் தகடு வகையையே வாங்குங்கள்.

குளிர் நாடுகளில் எண்ணெய் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும் என்று தெர்மோஸ்டாட் வால்வு சேர்ப்பார்கள். நம் சீமையில் அந்தக் கவலை பெரிதாக இல்லை. ஹோஸ்தான் முக்கியம். ஏடிஎஃபுக்கென்றே செய்த, சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் ஹோஸ் வாங்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிக் கழன்றுவிடும். ஓடும் வண்டியில் கழன்றால் ஏழெட்டு லிட்டர் எண்ணெய் ரோட்டில் போக அதிக நேரம் ஆகாது. சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

மாட்டும் வேலை

வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்துத்தான் அடியில் போக வேண்டும். முன் பம்பரையோ கிரில்லையோ கழற்றினால் முதலில் தெரிவது ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர். அதற்குப் பின்னால் ரேடியேட்டர். கூலர் கன்டென்சருக்கு முன்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் வரும். கன்டென்சர் முழுவதையும் மூடிவிடக் கூடாது. ஏசி குளிர்ச்சி குறைந்துவிடும். ஒரு ஓரமாக, கன்டென்சருக்கும் கூலருக்கும் இடையே ஒரு விரல் போகும் அளவு இடைவெளி விட்டு வையுங்கள். எண்ணெய் நுழையும் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் மேலே காற்று தங்கிவிடும்.

எப்படிப் பிடிக்கவைப்பது என்பதில்தான் என் வண்டியில் தவறு நடந்தது. கூலர் பெட்டியோடு பிளாஸ்டிக் குச்சிகள் கொடுப்பார்கள். கன்டென்சர், ரேடியேட்டர் தகடுகளின் ஊடாகக் குத்தி, பின்பக்கம் பூட்டு போட்டு இறுக்க வேண்டியது. பத்து நிமிட வேலை. எனக்கு மாட்டிக் கொடுத்த ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். வண்டி அதிரும்போதெல்லாம் அந்தக் குச்சி தகட்டையும் குழாயையும் தேய்க்கும். எட்டாவது மாதம் ரேடியேட்டர் கசிந்தது. அந்தக் குச்சி போன இடத்திலேயே ஓட்டை. புது ரேடியேட்டர் வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே, ரேடியேட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பட்டைத் தகட்டால் பிராக்கெட் செய்து, இடையில் ரப்பர் வைத்து, போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் அரைமணி நேரத்தில் செய்து தருவார்கள். அதிர்வு முழுவதையும் சட்டம் வாங்கிக்கொள்ளும்.

அடுத்து, எந்த லைனில் சேர்ப்பது. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு ஒரு லைன் வரும், ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு லைன் திரும்பும். புதுக் கூலர் திரும்பும் லைனில்தான் வர வேண்டும். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கூலர், மறுபடி கியர்பாக்ஸ் என்பது வரிசை. மாற்றிக் கொடுத்தால் கூலரில் 70 டிகிரிக்கு ஆறிய எண்ணெய், போகிற வழியில் 90 டிகிரித் தண்ணீருக்குள் புகுந்து மறுபடி சூடேறிக்கொண்டு போகும். பாதி வேலை வீண்.

திரும்பும் லைன் எது என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இல்லையென்றால் இப்படிப் பார்க்கலாம். ரேடியேட்டரில் மாட்டியிருக்கும் எண்ணெய் ஹோஸ் ஒன்றைக் கழற்றுங்கள். இப்போது திறந்த வாய் இரண்டு: ரேடியேட்டரின் முனை ஒன்று, ஹோஸின் முனை ஒன்று. இரண்டுக்கும் அடியில் பாட்டில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை இரண்டு மூன்று நொடி மட்டும் இஞ்சினை ஓடவிட்டு அணைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ரேடியேட்டர் முனையிலிருந்து வந்தால் நீங்கள் கழற்றியது திரும்பும் லைன். ஹோஸிலிருந்து வந்தால் அது கியர்பாக்ஸிலிருந்து வரும் லைன். அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று நொடி என்று சொன்னது வார்த்தைக்கு அல்ல. அதற்கு மேல் ஓடினால் கியர்பாக்ஸ் எண்ணெயில்லாமல் ஓடத் தொடங்கும்.

இரும்புக் குழாயை அறுத்து ஹோஸ் செருகுவதாக இருந்தால், அறுத்த முனையைக் கொஞ்சம் விரித்து மேடு எழுப்ப வேண்டும். வழவழப்பான முனையில் ஹோஸ் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் நழுவும். ஒவ்வொரு இணைப்புக்கும் நல்ல கிளிப், ரப்பரை அறுக்காத அளவு இறுக்கம். ஹோஸ் மடங்கக் கூடாது, ஃபேன் பெல்ட்டிலோ சைலன்சர் குழாயிலோ படக் கூடாது. தகட்டு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

ரேடியேட்டர் பத்து வருடத்துக்கு மேல் பழசு என்றால் என் யோசனை, அதையும் சேர்த்து மாற்றிவிடுவது. உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் ஏடிஎஃபில் கலக்கும். எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் சேர்ந்து கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் பொருளைக் கரைத்துப் பெயர்த்துவிடும். கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டிவரும். இதற்குப் பயந்து சிலர் ரேடியேட்டரை விட்டுவிட்டு வெளிக் கூலர் மட்டும் போதும் என்று இணைப்பார்கள். நம் வெப்பத்தில், கூலர் போதிய அளவு பெரிதாக இருந்தால், அது தவறில்லை. சிறிய கூலரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள். நெரிசலில் நிற்கும்போது காற்று அடிக்காது, தண்ணீர்தான் கைகொடுக்கும்.

கியர்பாக்ஸ் ஒருமுறை கெட்டுப் பழுது பார்த்த வண்டி என்றால் பழைய குழாய்களையும் கூலரையும் கழுவாமல் சேர்க்காதீர்கள். உள்ளே தங்கிய இரும்புத் தூள் புதுக் கியர்பாக்ஸுக்குள் போய்ச் சேரும்.

எண்ணெய் அளவு

கூலரும் ஹோஸும் சேர்ந்து கால் முதல் அரை லிட்டர் எண்ணெய் பிடிக்கும். வண்டியின் புத்தகத்தில் எழுதியிருக்கும் வகை ஏடிஎஃபையே ஊற்றுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், சமதளத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) என்று ஒவ்வொன்றிலும் சில நொடி வைத்து, பி-க்கு வந்து, எண்ணெய் சூடேறிய பின் இஞ்சின் ஓடும்போதே அளவு பார்ப்பது பொதுவான முறை. சில கம்பெனிகள் இஞ்சினை அணைத்துப் பார்க்கச் சொல்லும். புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் உள்ளே கடைந்து நுரைக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்காது.

டிப்ஸ்டிக் இல்லாத புது வண்டிகளில், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஒரு போல்ட்டைக் கழற்றி, வழிவது நிற்கும் இடத்தை அளவாக வைப்பார்கள். அதற்கு எண்ணெயின் சூட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல.

வடித்த எண்ணெயைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பாளையங்கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது.

வேலை முடிந்ததும் பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி. ஹோஸ் சூட்டில் இளகி கிளிப் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அப்போது ஒரு சுற்று இறுக்க வேண்டிவரும். திசையன்விளை, உவரி பக்கம் ஓடும் வண்டியென்றால் தேரி மண்ணும் உப்புக்காற்றும் தகடுகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வேகமில்லாத தண்ணீரைப் பின்பக்கமிருந்து பீய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

கூலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் பிரேக்கை மிதித்து நிறுத்துங்கள். நீண்ட நேரம் நிற்கும்போல இருந்தால் என்-இல் போட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள். தொடர்ந்து ஏறும் பாதையில் லீவரைத் தாழ்ந்த கியரில் வையுங்கள். கியர்பாக்ஸ் மேலும் கீழும் மாற்றித் தவிக்காது, இஞ்சினும் சரியான வேகத்தில் சுற்றும். கருகிய வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு இஞ்சினை ஓடவிட்டபடியே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும், சூடு இருந்த இடத்திலேயே இருக்கும்.